அகதி மெட்டு

1981 டிசம்பர் 31. நியூயார்க் நகரம் புத்தாண்டுக்குக் காத்திருந்த இரவு. கிரீன்விச் வில்லேஜில் உள்ள எலெக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரு பாட்டு முடியும் தறுவாயில் இருந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தனக்கென்று கட்டிக்கொண்ட கூடம் அது. உள்ளே இருந்தவர்கள் லண்டனிலிருந்து வந்த ‘தி க்ளாஷ்’ குழுவினர். மிக் ஜோன்ஸ் கிதாரில் பிடித்த ஒரு சிறு துணுக்குக்கு வழக்கமான ராக் தாளம் எதுவும் ஒட்டவில்லை. டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடன் பிரேசிலின் போஸா நோவா நடையைப் போட்டுப் பார்த்தார், பொருந்திவிட்டது. பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் ஒரு லெமனேட் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பெரிய டிரம்மின் முன்தோலில் அடித்தார். அந்த அடியில்தான் பாட்டின் நெஞ்சுத் துடிப்பு இருக்கிறது.

வரிகளை முந்தைய இரவு முழுக்க ஓட்டல் அறையில் விழித்திருந்து எழுதியிருந்தார் ஸ்ட்ரம்மர். குரலைப் பதிவுசெய்து முடித்தபோது நள்ளிரவுக்கு இருபது நிமிடம் இருந்தது. ரயிலைப் பிடித்து டைம்ஸ் சதுக்கத்தில் இறங்கி, புத்தாண்டுக் கூட்டத்துக்குள் மேலேறி வந்த கணத்தில், பெரிய ஒன்றைச் செய்துவிட்டோம் என்று தனக்குத் தெரிந்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ என்ற அந்தப் பாட்டு பிறந்தது இப்படித்தான்.

அது யாரைப் பற்றிய பாட்டு? வடக்கு இங்கிலாந்தில் எஃகு ஆலைகள் மூடப்படுகின்றன. பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரனை இங்கே உனக்கு இடமில்லை என்கிறார்கள். வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிறந்த பிள்ளை, அப்பாவின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அழைத்துப் போ என்று கேட்கிறது. அதற்கும் அதே பதில். நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் ஒதுங்கியவர்களுக்கும் அதே பதில். அத்தகைய வியட்நாம் பிள்ளைகளைக் குடும்பத்தோடு ஏற்பதற்கு அமெரிக்கா சட்டம் இயற்றியது 1987 டிசம்பரில். பாட்டு அதற்கு ஆறு ஆண்டு முந்தியது.

இதை எழுதக்கூடிய குழுவாக க்ளாஷ் ஒரே நாளில் ஆகிவிடவில்லை. 1976-77இல் லண்டனில் பங்க் இசை வெடித்தபோது, மூன்று ஸ்வரக்கட்டு தெரிந்தால் போதும், மேடையேறலாம் என்ற துணிச்சலே அதன் மூலதனமாக இருந்தது. வேலையில்லாத இளைஞர்களின் கோபம் அதில் பேசியது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்பதில்தான் க்ளாஷ் மற்றவர்களிடமிருந்து விலகி நின்றது. குடியேறியவர்களை விரட்டச் சொல்லி நேஷனல் ஃபிரண்ட் கட்சி தெருவில் ஊர்வலம் போன காலம் அது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில், இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம் கூட்டிய பெருங்கூட்டத்தில் க்ளாஷ் வாசித்தது. நான்கே நாளில், மே 4 அன்று, வைட்சேப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளத் தொழிலாளி இனவெறியால் குத்திக் கொல்லப்பட்டார். தெற்காசியர்கள் போய் இறங்கிய லண்டன் அதுதான்.

ஸ்ட்ரம்மருக்கும் ஓரிடத்தில் வேர் நிலைத்ததில்லை. இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தார். அவருடைய அப்பா பிறந்தது லக்னோவில். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். மகனின் பிள்ளைப்பருவம் ஊர் ஊராக, நாடு நாடாகக் கழிந்தது.

பாட்டு பிறந்தவுடன் அதற்குக் கத்தரி விழுந்தது. மிக் ஜோன்ஸ் கலந்து தந்த முழுத் தொகுப்பு இரட்டை இசைத்தட்டுக்கான நீளம், 77 நிமிடம். தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ் அதை 46 நிமிடமாகச் சுருக்கினார். கிட்டத்தட்ட ஏழு நிமிடம் ஓடிய ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ ஐந்தரை நிமிடம் ஆனது. 1982 மே 14 அன்று வெளிவந்த ‘காம்பாட் ராக்’ தொகுப்பின் முதல் பக்கத்தில் கடைசிப் பாட்டாக அது அமர்ந்தது. உறையில் நால்வரும் ஒரு ரயில் தண்டவாளத்தில் இருக்கிறார்கள். அந்த மார்ச் மாதம் கிழக்காசியப் பயணத்தின்போது தாய்லாந்தில் பென்னி ஸ்மித் எடுத்த படம். அதே மே மாதம் போதைப் பழக்கத்தால் டாப்பர் ஹெடன் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு மிக் ஜோன்ஸும் நீக்கப்பட்டார். தாளத்தைத் தந்தவரும் கிதார்த் துணுக்கைத் தந்தவரும் போனபின், குழு நெடுநாள் நிற்கவில்லை.

மெட்டு நிழலிலேயே கிடந்தது. அதோடு ஒரே தட்டில் வெளிவந்த ‘ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ’ 1991இல் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றில் ஒலித்து, பிரிட்டனில் க்ளாஷுக்கு முதலிடம் பெற்றுத்தந்த ஒரே பாட்டானது. ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’லைத் தேடிக் கேட்டவர்கள் ரசிகர்கள் மட்டும்தான்.

இனி கதை யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். அந்தப் பாட்டு பதிவான 1981, யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டு அங்கே ஆறு வயதை எட்டிய சிறுமியாக இருந்தார் மாதங்கி அருள்பிரகாசம். 1975 ஜூலையில் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர். தந்தை அருள்பிரகாசம் ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர். போர் மூண்டபின் தாய் கலா பிள்ளைகளோடு சென்னையில் சில காலம் இருந்தார். 1986இல் குடும்பம் லண்டனுக்கு அகதியாகத் திரும்பியது. தெற்கு லண்டன் மிச்சம் பகுதியின் அரசுக் குடியிருப்பில், தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் திரைப்படம் படித்த மாதங்கி, பங்க் இசையின் அடுத்த தலைமுறையோடுதான் முதலில் பழகினார். ‘எலாஸ்டிகா’ குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் தன் குழுவின் இரண்டாம் தொகுப்புக்கு அவரை உறை வடிவமைக்கச் சொன்னார். அதே எலாஸ்டிகா தன் முதல் தொகுப்பின்போது, 1977-இன் பங்க் குழுக்களான ‘வயர்’, ‘ஸ்ட்ராங்லர்ஸ்’ ஆகியவற்றின் மெட்டுகளை ஒத்த பாட்டுகளுக்காக வழக்கைச் சந்தித்து, பணம் கொடுத்துச் சமாதானமாகியிருந்தது. மெட்டுக்கு உரிமையாளர் உண்டு, கேட்டு வாங்க வேண்டும் என்ற பாடம் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. ஃபிரிஷ்மனிடமிருந்து இரவலாகக் கிடைத்த ரோலண்ட் எம்சி-505 என்ற தாளக் கருவியில் மாதங்கி தானே பாட்டுக் கட்டத் தொடங்கினார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2003இல் வந்த முதல் பாட்டு ‘கலாங்’. அச்சானது 500 தட்டுகள். 2005இல் தந்தையின் பெயரில் முதல் தொகுப்பு: ‘அருளர்’.

அடுத்த தொகுப்பை அமெரிக்காவில் பதிவுசெய்யத் திட்டமிட்டிருந்தார். 2006இல் விசா கிடைக்கவில்லை. அந்த மறுப்புதான் அவரை உலகம் சுற்ற வைத்தது: இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் கூடத்தில் உறுமிக் கலைஞர்களை வரவழைத்துப் பதிவுசெய்தார். அந்த உறுமிதான் ‘பேர்ட் ஃப்ளு’, ‘பாய்ஸ்’ பாட்டுகளில் அதிர்கிறது. தொகுப்பின் முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ படத்தின் ‘காட்டுக்குயிலு’ ஒலிக்கிறது. இளையராஜாவின் பொங்கல் பாட்டு. 2007 ஆகஸ்டில் தொகுப்பு வந்தது. இம்முறை தாயின் பெயர்: ‘கலா’.

அதில்தான் இருக்கிறது ‘பேப்பர் பிளேன்ஸ்’. விசா மறுத்த அலுவலகங்களுக்கும், அகதி என்றால் திருடவும் சுடவும் வந்தவன் என்று நினைப்பவர்களுக்கும் எழுதிய பதில் அது. லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிப் பிள்ளைகள் சேர்ந்து பாடும் பல்லவி, நடுவே துப்பாக்கி ஒலி, கல்லாப்பெட்டி ஒலி. இவற்றுக்கெல்லாம் கீழே தரையாக விரிந்திருப்பது ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’. தயாரிப்பாளர் டிப்லோவோடு சேர்ந்து அந்தப் பாட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, சுழலவிட்டு, மேலே புதுப்பாட்டைக் கட்டியிருந்தார்கள். ஸ்ட்ரம்மர் அதைக் கேட்கவில்லை. 2002 டிசம்பரில் தன் ஐம்பதாவது வயதில் இறந்திருந்தார். ஆனால் பாட்டை எழுதியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம், டிப்லோ, அவர்களோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், பேஸ் கிதார் வாசித்த பால் சிமனன், ஹெடன். குடியேறியவர்களுக்காக லண்டன்காரர் எழுதிய பாட்டு, குடியேறிய ஒரு தமிழ்ப்பெண்ணின் கைக்கு வந்துசேர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. அது போய்ச்சேர வேண்டிய கை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு மெட்டின் ஓட்டம் வேகமெடுத்தது. 2008இல் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்ற ஹாலிவுட் படத்தின் முன்னோட்டத்தில் ‘பேப்பர் பிளேன்ஸ்’ ஒலித்ததும், அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் அது நான்காம் இடம்வரை ஏறியது. அதன் ஒரு வரியை எடுத்து டி.ஐ., ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன் என்ற ராப் பாடகர்கள் நால்வரும் ‘ஸ்வாகா லைக் அஸ்’ செய்தார்கள். அந்தப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலிலும் க்ளாஷ் நால்வர் பெயரும் ஏறியது. 2009 பிப்ரவரி 8 அன்று கிராமி மேடையில், பிரசவத்துக்குக் குறித்த அதே நாளில், நிறைமாதக் கர்ப்பிணியாக மாதங்கி அந்த ராப் பாடகர்களோடு பாடினார்.

இந்தியாவுக்கு அந்த மெட்டு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வழியே வந்தது. அண்ணனும் தம்பியும் ரயில் கூரையேறி நாட்டைச் சுற்றும் காட்சியில் இயக்குநர் டேனி பாயில் அதைச் சேர்த்திருந்தார். படத்துக்கு இசை ரகுமான். அவரும் மாதங்கியும் சேர்ந்து செய்த ‘ஓ… சாயா’ ஆஸ்கார் பரிந்துரை பெற்றது. ரகுமான் 2009 பிப்ரவரியில் இரண்டு ஆஸ்கார் வாங்கியபோது தமிழ்நாடே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தது. திருவண்ணாமலையில் ஒலித்தட்டும் குறுந்தகடும் விற்ற கடைகளில் அந்தப் படத்தின் பாடல்கள் கிடைத்தன. எங்கள் ஊருக்குள் க்ளாஷ் நுழைந்தது அப்படி, தன் பெயர் சொல்லாமல்.

நான் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். படத்தில் கேட்டது ‘கலா’ குறுந்தகட்டுக்குக் கொண்டுபோனது. முதல் பாட்டிலேயே ‘காட்டுக்குயிலு’ கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. இளையராஜா ரமணரின் அடியார். ‘ரமண மாலை’ செய்தவர். இந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைக்கிறோம். அவருடைய பாட்டும் லண்டன் பங்க் குழுவின் பாட்டும் ஒரே தட்டில் இருந்தன. உறையின் உள்தாளைப் படித்தபோது க்ளாஷ் நால்வரின் பெயரைப் பார்த்தேன். யார் இவர்கள் என்ற கேள்வியே என் சேகரிப்பின் தொடக்கம்.

மேற்கத்திய இசைத்தட்டுக்கென்று திருவண்ணாமலையில் கடை கிடையாது. ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்கள் ஊர் திரும்பும்போது கழித்துப் போடும் புத்தகங்களுக்கும் ஒலிநாடாக்களுக்கும் நடுவே சில நேரம் புதையல் இருக்கும். மற்றபடி சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழந்தட்டுக் கடைகள், வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களின் பெட்டி. அப்படித்தான் பின்னோக்கிச் சேர்த்தேன். அந்த வரிசையை மற்றவர்களுக்கும் சொல்வேன். தமிழ்ச் செவிக்கு அதுவே இயல்பான வழி.

‘கலா’வுக்கு அடுத்து ‘காம்பாட் ராக்’. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தால், பழகிய மெட்டு தன் சொந்த வீட்டில் எப்படி நடமாடுகிறது என்று தெரியும். ‘பேப்பர் பிளேன்ஸ்’ அதைத் துள்ள வைத்தது. இங்கே அது தளர்ந்து, இழுத்து, துக்கம் காக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ‘கெட்டோ டிஃபெண்டன்ட்’ பாட்டில் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் குரலும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் காசியிலும் கல்கத்தாவிலும் திரிந்த அதே கின்ஸ்பெர்க். ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’லின் வெட்டப்படாத நீள வடிவம் வேண்டுமென்றால் 1991இல் வந்த ‘க்ளாஷ் ஆன் பிராட்வே’ பெட்டித் தொகுப்பைத் தேட வேண்டும். கத்தரிக்குப் போன அந்த ஒன்றரை நிமிடத்தைக் கேட்டபின் என் மனத்தில் பாட்டு என்றால் அந்த வடிவம்தான்.

அடுத்து ‘சாண்டினிஸ்டா!’, 1980 டிசம்பர். மூன்று தட்டு, 36 பாட்டு. ரெக்கே, ஜாஸ், நற்செய்திப் பாடல், ராப் என்று உலகின் எல்லாத் திசையும் உள்ளே. இதை மலிவு விலைக்கு விற்பதற்காக, முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான உரிமைத்தொகையைக் குழு விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்னால் 1979 டிசம்பரில் வந்த இரட்டைத் தட்டு ‘லண்டன் காலிங்’. அதையும் ஒற்றைத் தட்டின் விலைக்கே கொடுத்தார்கள். பெயர், போர்க்காலத்தில் பிபிசி உலகுக்கு ஒலிபரப்பிய அறிவிப்பிலிருந்து வந்தது. பிபிசி தமிழ் ஒலிபரப்பு தொடங்கிய 1941உம் அதே போர்க்காலம். உறையில் பால் சிமனன் தன் பேஸ் கிதாரை மேடையில் ஓங்கி அடிக்கும் படம் இருக்கிறது. நியூயார்க் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்தது. உறை அச்சாகிவிட்ட பிறகு சேர்க்கப்பட்டதால் கடைசிப் பாட்டான ‘டிரெய்ன் இன் வெய்ன்’ முதல் அச்சின் பட்டியலில் இருக்காது. அந்தப் பெயர் இல்லாத உறை கிடைத்தால் விடாதீர்கள்.

கடைசியாக முதலுக்கு: 1977 ஏப்ரலில் வந்த ‘தி க்ளாஷ்’. பின்னட்டையில் 1976 நாட்டிங் ஹில் திருவிழாக் கலவரத்தின் படம். கரீபியக் குடியேறிகளின் அந்தத் திருவிழாவில் போலீசோடு மூண்ட மோதலை ஸ்ட்ரம்மரும் சிமனனும் நேரில் பார்த்திருந்தார்கள். ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ பாட்டை இந்தத் தொகுப்பில் தம் பாணியில் பாடினார்கள். எழுதியவர்கள் பெயரை அப்படியே போட்டார்கள். அமெரிக்காவில் இந்தத் தொகுப்பு 1979இல்தான், பாட்டுகள் மாற்றப்பட்டு வந்தது. அதற்குள் பிரிட்டன் அச்சை இறக்குமதியாக வாங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆகவே பிரிட்டன் வடிவத்தையே தேட வேண்டும். நடுவில் 1978இல் வந்த ‘கிவ் எம் இனஃப் ரோப்’பும் வரிசையில் இருக்க வேண்டியது. ஜோன்ஸும் ஹெடனும் இல்லாமல் 1985இல் வந்த ‘கட் த கிராப்’பை மட்டும் என் அலமாரியில் சேர்க்கவில்லை.

எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கிங்ஸ்டனிலிருந்து லண்டனுக்கும், லண்டனிலிருந்து நியூயார்க்குக்கும், அங்கிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கைக்கும், மும்பை பற்றிய படத்துக்கும், திருவண்ணாமலைக்கும் இசை வந்து சேர்ந்த ஒவ்வொரு எல்லையிலும் அதன் காகிதங்கள் சரியாக இருந்தன. யார் பெற்றது, யார் வளர்த்தது என்ற பெயர்கள் தட்டின் வட்டத்தாளில் அச்சாகியிருந்தன. இறந்த ஸ்ட்ரம்மரின் பெயரும் விடுபடவில்லை.

மெட்டு யாரைப் பற்றிப் பாடியதோ, அந்த மனிதர்களுக்கு அந்தக் காகிதம் கிடைப்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கு மேல். 1983க்குப் பிறகு படகேறி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள், இங்கேயே படித்தார்கள், பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், பௌர்ணமிக்கு நம்மோடு கிரிவலம் வருகிறார்கள். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர், தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை பெற முடியும் என்கிறது சட்டம். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு அது இன்னும் இறுகிவிட்டது. 2019இல் திருத்தியபோது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னார்கள், இலங்கையைச் சொல்லவில்லை. வீட்டு வாசலிலேயே பிறந்த பிள்ளையிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

க்ளாஷ் தொகுப்புகளை நான் சேர்ப்பது பழம்பொருள் ஆசையால் அல்ல. வீடு இல்லாதவர்களைப் பற்றிப் பாடிய ஒரு மெட்டை, அந்த வாழ்க்கையை வாழ்ந்த நம் பெண் ஒருத்தி எடுத்து உலகம் முழுக்கக் கேட்க வைத்தார் என்பதற்கான சான்று அவை. கேட்பவர்கள் தாளம் போடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. நாலு நொடி இசையை எடுத்தால்கூடப் பெற்றவரின் பெயரை எழுதி உரிமை கொடுக்க உலகம் கற்றுக்கொண்டிருக்கிறது. நாற்பது ஆண்டாக நம் மண்ணில் வாழ்கிறவர்களின் பெயரைக் குடிமக்கள் பட்டியலில் எழுதுவதற்கும் இந்த நாடு கற்றுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்டு வாங்கக் கடமைப்பட்டவர்கள்.